“கஞ்சா புகைத்ததுண்டு” என்று சொன்னதற்காக அமெரிக்க நுழைவு மறுப்பு: இனி என்ன வழி?

வடதிசைக்காற்று (ஸ்காபரோ) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே வளர்ந்த கனடியக் குடிமகன். சென்ற மாதம் நியூஜெர்சியில் சித்தப்பா மகளின் திருமணத்துக்குப் போவதற்காக விமானநிலையம் சென்றேன். அமெரிக்க அதிகாரிகள் கனடிய மண்ணிலேயே முன்சோதனை நடத்தும் இடம் அது. அதிகாரி எனது கைத்தொலைபேசியைக் கேட்டார், கொடுத்தேன். பல்கலைக்கழக நண்பன் ஒருவன் பழைய கதையைக் கிளறிக் கேலியாக எழுதியிருந்த செய்தியைப் பார்த்துவிட்டு, எப்போதாவது கஞ்சா பயன்படுத்தியதுண்டா என்று கேட்டார். 2013இல் படிக்கும்போது இரண்டு மூன்று தடவை என்றேன். கனடாவில் இப்போது கஞ்சா கடையில் விற்கும் பொருள். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அதன்பிறகு இரண்டு மணிநேரம் கேள்வி பதிலாகத் தட்டச்சுச் செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்கினார்கள். நுழைவு விண்ணப்பத்தை நானே மீளப்பெறுவதாக எழுதிக் கொடுத்தபின் அனுப்பிவிட்டார்கள். இனி விலக்கு அனுமதி (தடை இருந்தும் உள்ளே வரத் தரப்படும் சிறப்பு அனுமதி) இல்லாமல் அமெரிக்காவுக்குள் வர முடியாதாம். என்னை ஒருநாள்கூடப் பொலிஸ் பிடித்ததில்லை, எந்த நீதிமன்றப் படியும் ஏறியதில்லை. தீர்ப்பே இல்லாத ஒருவனைக் குற்றம் செய்தவனாகக் கருத ஒரு நாட்டின் சட்டம் இடம் தருகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

தம்பி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வாசலில் யாரை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. போதைப்பொருளைத் தொட்டவரை அனுமதிப்பதில்லை என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தொட்டதாக நீங்களே சொன்னீர்கள். இதில் அநியாயம் எங்கே வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஜப்பானின் குடிவரவுச் சட்டமும் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவரை, அது எந்த நாட்டுத் தண்டனையாக இருந்தாலும், உள்ளே விடுவதில்லை.

கோப்புக்கட்டு (நியூஜெர்சி) எழுதியது:

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் வழக்கறிஞர் அல்லன். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கோப்புகளைத் தயாரித்தவன். சட்டத்தின் பொது அமைப்பைச் சொல்கிறேன். உங்கள் கோப்பைப் பார்த்து முடிவு சொல்வதற்கு உரிமம் பெற்ற ஒருவரிடம் போகத்தான் வேண்டும்.

நேர்கோடு ஐயா சொன்ன ஜப்பானிய விதிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஜப்பான் கேட்பது தண்டனையை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212ஆம் பிரிவு கேட்பது தண்டனையை மட்டுமல்ல. கட்டுப்படுத்தப்பட்ட பொருள் ஒன்றைப் பற்றிய சட்டத்தை, அது அமெரிக்கச் சட்டமோ மாநிலச் சட்டமோ வேற்று நாட்டுச் சட்டமோ, மீறியதாகத் தீர்ப்புப் பெற்றவரும், மீறியதாக ஒப்புக்கொள்பவரும், அந்தக் குற்றத்தின் அடிப்படைக் கூறுகளாக அமையும் செயல்களைச் செய்ததாக ஒப்புக்கொள்பவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். ஆகவே, தம்பியின் கேள்விக்கு நேரான விடை, துரதிருஷ்டவசமாக, ஆம் என்பதுதான். 2013இல் கஞ்சா வைத்திருப்பது கனடாவில் குற்றம். 2018 அக்டோபர் 17ஆம் தேதிக்குப் பிறகே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பின்னால் வந்த அனுமதி முன்னால் நடந்ததைக் கழுவிவிடுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதையே நீங்கள் 2019இல் ரொறன்ரோவில் செய்திருந்தால், எந்த நாட்டின் சட்டத்தையும் மீறியவராக மாட்டீர்கள். இந்தப் பிரிவு உங்களைத் தொடாது. ஆனால், 2019இல் கொலராடோவுக்குச் சுற்றுலா போய், மாநில உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கிப் புகைத்திருந்தால், 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தை மீறியவராவீர்கள். கொலராடோ மக்கள் 2012இல் வாக்களித்து அனுமதித்தார்கள் என்பது எல்லை அதிகாரிக்குப் பொருட்டே இல்லை. கஞ்சாவை அந்தச் சட்டத்தின் மிகக் கடுமையான முதலாம் அட்டவணையிலிருந்து மூன்றாம் அட்டவணைக்கு இறக்கும் யோசனை 2024 மே மாதத்தில் முன்வைக்கப்பட்டபோது இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று பலர் மகிழ்ந்தார்கள். மூன்றாம் அட்டவணையும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் அட்டவணைதான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

இனி, உங்களுக்குப் பயன்படக்கூடிய பகுதிக்கு வருகிறேன். வாய்தவறிச் சொன்ன ஒவ்வொன்றும் சட்டப்படியான ஒப்புதல் ஆகிவிடாது. குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1957இல் ‘கே’ வழக்கு என்று அழைக்கப்படும் முடிவில் இதற்கு விதி வகுத்தது. எந்தக் குற்றத்தைப் பற்றிக் கேட்கப்படுகிறதோ, அதன் வரையறையையும் அடிப்படைக் கூறுகளையும் கேட்கப்படுபவருக்கு விளங்கும் சொற்களில் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளும் செயல் அந்த நாட்டின் சட்டப்படி குற்றமாக இருக்க வேண்டும். ஒப்புதலும் அச்சுறுத்தலோ ஏமாற்றோ இன்றித் தானாக வந்திருக்க வேண்டும். நீங்கள் கையொப்பமிட்ட பக்கங்களில் கனடியச் சட்டத்தின் எந்தப் பிரிவாவது மேற்கோளாக இருக்கிறதா, அது உங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டதா என்று பாருங்கள். நகல் இல்லையென்றால், தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். எந்த வழக்கறிஞரும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாள்களைத்தான்.

வடதிசைக்காற்று எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. நகல் தந்தார்கள். ஏதோ ஒரு சட்டப் பிரிவு ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது ஞாபகம் இருக்கிறது. ஆனால், அதை அவர் வாசித்தது நான் பதில் சொன்னதற்குப் பிறகு. தாளில் அது முதலில் வாசிக்கப்பட்டதாகவே எழுதப்பட்டிருக்கிறது. அப்போது எனக்கு அந்த முன்பின் முக்கியமாகத் தோன்றவில்லை.

இன்னொரு கேள்வி. அங்கே நான் பதில் சொல்லாமலே திரும்பி வந்திருக்க முடியுமா? என் மைத்துனர், ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்கிறார்.

கோப்புக்கட்டு எழுதியது:

மைத்துனர் சொன்னதைச் செய்யாதது நல்லது. கைத்தொலைபேசியில் செய்தி இருக்கும்போது ‘இல்லை’ என்றிருந்தால், முக்கியமான உண்மையைத் திரித்துக் கூறி நுழைய முயன்றவர் என்ற வேறொரு தடை உங்கள்மேல் விழுந்திருக்கும். அதுவும் ஆயுட்காலத் தடை. பழைய புகைப்பழக்கத்தைக் காலம் தேய்க்கும். பொய்யை அதிகாரிகள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

பேசாமலிருப்பது வேறு. கனடிய மண்ணில் நடக்கும் முன்சோதனையில் 2019 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள முன்சோதனைச் சட்டப்படி, பயணத்தைக் கைவிட்டுத் திரும்பும் உரிமை பயணிக்கு உண்டு. தன்னை அடையாளம் காட்டுவதும், ஏன் திரும்புகிறேன் என்ற கேள்விக்கு விடை தருவதும் கடமை. ஆகவே, ‘இந்தக் கேள்விக்கு விடை தர விரும்பவில்லை, திரும்பிவிடுகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். அன்றைய திருமணம் தவறியிருக்கும், ஆனால் கையொப்பமிட்ட ஒப்புதல் ஒன்று கோப்பில் ஏறியிருக்காது. அமெரிக்க மண்ணில் வந்திறங்கிய பிறகு இவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியாது. அங்கே விண்ணப்பத்தை மீளப்பெற அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம்.

நேர்கோடு எழுதியது:

இப்படிச் சொல்லிக் கொடுப்பது சட்டத்திலிருந்து நழுவும் பாடமாக எனக்குப் படுகிறது. நேர்மையாக இருந்தவருக்குத் தண்டனை, மௌனமாக இருந்தவருக்குத் தப்பிப்பு என்றால், அதை அறிவுரையாக வழங்கலாமா?

கோப்புக்கட்டு எழுதியது:

நீங்கள் சுட்டும் முரண் உண்மையானது ஐயா. அது சட்டத்தின் முரண், என்னுடையதன்று. 2014 மார்ச்சில் பிரித்தானியத் தொலைக்காட்சிச் சமையல் கலைஞர் நைஜெல்லா லாசன் லண்டனில் விமானம் ஏற முடியாமல் நிறுத்தப்பட்டார். வேறு இருவர்மீதான மோசடி வழக்கில் சாட்சியாக நின்று, கொக்கெய்ன் பயன்படுத்தியதுண்டு என்று சத்தியப் பிரமாணத்தின்கீழ் உண்மை சொன்னதுதான் அவர் செய்தது. அவர்மீது வழக்கே போடப்படவில்லை. பிலிப்பீன்ஸைச் சேர்ந்த ஒருவர் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் கஞ்சா புகைத்ததாகச் சொன்னது அவருக்கு எதிராக நின்றதை, அமெரிக்கக் கூட்டாட்சியின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு அது புதிது.

மறுபக்கமும் உண்டு. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கு 1968இல் லண்டனில் கஞ்சாப் பிசின் வைத்திருந்ததாக 150 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் காட்டி அவரை அமெரிக்காவிலிருந்து வெளியேற்ற முயன்றார்கள். அன்றைய பிரித்தானியச் சட்டம், பொருள் தன்னிடம் இருப்பது தெரிந்திருந்ததா என்று பார்க்காமலே தண்டித்தது. அப்படிப்பட்ட சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பைத் தடைக்குக் காரணமாக்க முடியாது என்று 1975 அக்டோபரில் இரண்டாம் வட்ட நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே அவருக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. சட்டத்தை அதன் எழுத்து வரைக்கும் சென்று படிப்பதை நழுவுதல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடையாற்று ஆலமரம் (சென்னை) எழுதியது:

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் சிக்கல் வேறு மாதிரி. 2012இல் கல்லூரி விடுதியில் என் அறையில் 40 கிராம் கஞ்சா எடுத்தார்கள். நான்கு பேர்மேல் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்று எங்கள் வக்கீல் சொன்னார், கட்டிவிட்டு வந்தோம். இந்தியச் சட்டத்தில் அது ‘சிறு அளவு’ என்ற வகைக்குள்தான் வந்தது. இப்போது நிறுவனம் எச்-1பி விசாவுக்கு அனுப்புகிறது. விண்ணப்பப் படிவத்தில், கைதானதுண்டா, போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்று இரண்டு கேள்விகள். பதினான்கு ஆண்டுக்கு முந்தைய கதையைச் சொல்லத்தான் வேண்டுமா?

கோப்புக்கட்டு எழுதியது:

சொல்லத்தான் வேண்டும். மன்னிப்போ பொதுமன்னிப்போ கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று படிவமே எழுதியிருக்கிறது. அபராதம் மட்டும் கட்டினாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு தண்டனை பெற்றிருந்தால், குடிவரவுச் சட்டத்துக்கு அது முழுமையான குற்றத்தீர்ப்பு.

அளவு விஷயத்தில் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. வணிக அளவு தொடங்குவதே 20 கிலோவில். அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் கருணை காட்டும் எல்லை 30 கிராம். நிரந்தரமாகக் குடியேற வருபவருக்கு 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சாவைத் தன்னிடம் வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் பதினைந்து ஆண்டுகள் கடந்து திருந்தியிருக்க வேண்டும், அல்லது அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உடையவரோ ஆன கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் கடும் துன்பத்துக்கு ஆளாவார்கள் என்று காட்ட வேண்டும். உங்களுடையது 40 கிராம். ஒருநாள் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தால் அந்தப் பத்துக் கிராம் உங்கள் வழியில் சுவராக நிற்கும். கொக்கெய்ன், ஹெராயின் போன்றவற்றுக்கு ஒரு கிராமுக்குக்கூட இந்த விலக்கு இல்லை. திருட்டுக் குற்றத்துக்கு விலக்கு கேட்க வழி இருக்கும் அதே பிரிவில், இருபது வயதில் ஒருமுறை கொக்கெய்ன் இழுத்தவருக்கு வழி இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகக் கொடுமையாகப் படும் இடம் இதுதான்.

ஆனால் எச்-1பி தற்காலிக விசா. அதனால் உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. தற்காலிகமாக வருபவருக்கான பொது விலக்கில் பொருளின் பெயரோ அளவோ எல்லையாக வைக்கப்படவில்லை. துணைத் தூதரக அதிகாரி பரிந்துரைத்தால், எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவு முடிவு செய்யும். 1978ஆம் ஆண்டின் ஹ்ராங்கா வழக்கில் வாரியம் வகுத்த மூன்று அளவுகோல்களைத்தான் இன்றும் பார்க்கிறார்கள்: இவர் உள்ளே வந்தால் சமூகத்துக்கு என்ன தீங்கு வரலாம், பழைய குற்றம் எவ்வளவு கடுமையானது, வரும் காரணம் என்ன. அந்தக் காரணம் உயிர்போகும் அவசரமாக இருக்க வேண்டியதில்லை. நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல், அபராத ரசீது, அதன்பின் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கான சான்றுகள் ஆகியவற்றோடு போங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதை நிறுவனத்துக்கு முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

வடதிசைக்காற்றுத் தம்பிக்கும் இதே விலக்குத்தான். கனடியருக்கு விசா தேவையில்லை என்பதால் தூதரகத்துக்குப் பதில் எல்லைத் துறையிடமே ஐ-192 படிவத்தில் கேட்க வேண்டும். கைரேகையோடு கூடிய கனடியக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். கிடைத்தால் ஐந்து ஆண்டு வரை செல்லும். பிறகு மறுபடியும் விண்ணப்பம். ‘கே’ விதியைக் காட்டி ஒப்புதலே செல்லாது என்று வாதாடுவது ஒரு வழி, விலக்கு கேட்பது இன்னொரு வழி. எதை முதலில் எடுப்பது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். ஏனென்றால், விலக்கு மனுவில் எழுதும் ஒவ்வொரு வரியும் இன்னொரு ஒப்புதலாக மாறக்கூடும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

ஒரு மருத்துவராகச் சிறிய இணைப்பு. மேலே சொன்ன குற்றத் தடையைத் தவிர, ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர் அல்லது அடிமையானவர்’ என்ற உடல்நலத் தடை ஒன்றும் தனியாக இருக்கிறது. தூதரகம் நியமித்த மருத்துவர்தான் அதை முடிவு செய்வார். அது நிரந்தரமன்று, குறிப்பிட்ட காலம், பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள், பயன்படுத்தாமல் இருந்து மீண்டும் பரிசோதனைக்கு வந்தால் நீங்கிவிடும். ஒரே பதில் இரண்டு தடைகளையும் ஒருசேரக் கிளப்பலாம் என்பதால் மக்கள் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓராண்டு காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்லப்படுவது இந்த இரண்டாவது தடைக்கு மட்டுமே பொருந்தும்.

வைகைக்கரை (டெக்சாஸ்) எழுதியது:

படிக்கப் படிக்க வயிறு கலங்குகிறது. நான் 2012இல் மாணவ விசாவில் வந்து, 2015இல் கிரீன் கார்டு பெற்றவன். 2017இல் காரில் 15 கிராம் கஞ்சா பிடிபட்டது. ஒப்புக்கொண்டேன், நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்துக் கண்காணிப்பில் விட்டார், காலம் முடிந்ததும் வழக்கு தள்ளுபடியானது. தள்ளுபடி ஆனதால் கவலை வேண்டாம் என்று அப்போதைய வக்கீல் சொன்னார். மதுரையில் அப்பாவுக்கு எழுபதாம் கல்யாணம் வருகிறது. போய்விட்டுத் திரும்பலாம் அல்லவா?

கோப்புக்கட்டு எழுதியது:

பயணச்சீட்டு எடுக்கும் முன் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

டெக்சாஸ் நீதிமன்றத்துக்கு உங்கள் வழக்கு தள்ளுபடியான ஒன்று. ஆனால், 1996இல் திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டத்தின் வரையறைப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டதும் நீதிபதி ஏதேனும் ஒரு கட்டுப்பாடு விதித்ததும் சேர்ந்தாலே குற்றத்தீர்ப்பு நிறைவாகிவிடுகிறது. பின்னர் தள்ளுபடி செய்தாலும் பதிவை அழித்தாலும் அது போகாது. மூல வழக்கில் சட்டக் குறைபாடு இருந்ததைக் காட்டித் தீர்ப்பை ரத்துச் செய்தால்தான் போகும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வருமா என்று கட்சிக்காரருக்கு வக்கீல் சொல்லியாக வேண்டும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் பாடிலா வழக்கில் வைத்த விதி. உங்கள் வக்கீல் சொன்ன அறிவுரை எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி, கிளம்ப வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். நாட்டுக்குள் இருப்பவரை நாடுகடத்தும் பிரிவும், வாசலில் வந்து நிற்பவரைத் தடுக்கும் பிரிவும் வேறு வேறு. சொந்தப் பயனுக்காக 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சாவை வைத்திருந்த ஒரே குற்றத்துக்கு நாடுகடத்தும் பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. தடுக்கும் பிரிவில் அந்த விதிவிலக்கு இல்லை. விலக்கு மட்டும்தான் கேட்கலாம். சாதாரணமாகக் கிரீன் கார்டு உடையவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது புதிதாக நுழைபவராகக் கருதப்படுவதில்லை. இத்தகைய குற்றம் இருந்தால் கருதப்படுவார். ஆகவே, டெக்சாஸில் உங்கள் வீட்டில் இருக்கும்வரை சட்டம் உங்களைத் தொடாது. மதுரைக்குப் போய்த் திரும்பி விமானநிலையத்தில் இறங்கிய நொடியில், அதே 15 கிராம் உங்களைக் குடிவரவு நீதிமன்றத்தில் நிறுத்திவிடக்கூடும். பைடன் 2022இலும் 2023இலும் அறிவித்த கஞ்சா மன்னிப்புகளும் உதவா. அவை கூட்டாட்சிக் குற்றங்களுக்கானவை, உங்களுடையது மாநில வழக்கு.

நேர்கோடு எழுதியது:

எழுபதாம் கல்யாணத்துக்கு மகன் இல்லாமலா? நான் முதலில் எழுதியதிலிருந்து பின்வாங்கவில்லை. நாடு தன் வாசலைக் காப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வீட்டுக்குள் இருக்கலாம், வாசல் தாண்டினால் திரும்ப முடியாது என்பது காவலாகத் தெரியவில்லை. வீட்டுக்காவல் போல் இருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 2017இல் நடந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. குடிவரவும் குற்றவியலும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கோப்புக்கட்டு எழுதியது:

குற்றப்பத்திரிகை, ஒப்புதல் வாக்குமூலம், ஒத்திவைப்பு உத்தரவு, தள்ளுபடி உத்தரவு ஆகிய நான்கின் சான்றிட்ட நகல்களை மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் வாங்குங்கள். பொருளின் எடை எந்தத் தாளில் இருக்கிறது என்று தேடிக் குறித்து வையுங்கள். ஆய்வக அறிக்கை இருந்தால் மிக நல்லது, ஏனென்றால் 30 கிராமுக்குள் என்பதை எண்ணாகக் காட்ட வேண்டியிருக்கும். நீங்கள் முதன்முதலில் மாணவராக நுழைந்த தேதிக்கும் குற்றம் நடந்த தேதிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் இருக்கின்றனவா என்று அவர் கேட்பார். நீங்கள் சொன்னபடி ஐந்துதான். அதனால் நாடுகடத்தலை ரத்துச் செய்யக் கோரும் வழி உங்களுக்கு அடைபடக்கூடும். 2020இல் உச்ச நீதிமன்றம் பார்ட்டன் வழக்கில் அந்தக் கணக்கை இன்னும் இறுக்கியிருக்கிறது. எஞ்சுவது 30 கிராம் விலக்கு. மனைவியோ பிள்ளையோ அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால் அவர்களுடைய சான்றுகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

அப்பா அம்மாவுக்குச் சுற்றுலா விசா இருக்கிறதா?

வைகைக்கரை எழுதியது:

இருக்கிறது. பத்தாண்டு விசா, இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. ஹூஸ்டன் மீனாட்சி கோயிலில் தேதி கேட்டு நாளை எழுதுகிறேன்.